மூன்று சாக்குப் பேப்பரும் ஒரு டிரங்குப் பெட்டியும்

1998-ல் எங்கள் சங்க அலுவலகம் வாடகை மாடியிலிருந்து சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. மாறும்போது மூன்று சாக்கு நிறைய பழைய காகிதங்களை எடைக்குப் போட்டோம். கரையான் பிடித்தது, ரோனியோ (நகலெடுக்கும் இயந்திரம்) மசி பரவிப்போனது, யாருக்கும் வேண்டாதது என்று தரம் பிரித்து, சாக்கின் வாயைக் கட்டி அனுப்பியவள் நான். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தச் சங்கத்தின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடமே வந்தபோதுதான், அந்தச் சாக்குகளில் என்ன போய்விட்டது என்று புரிந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சங்கம் என்றால், கோவையில் பவுண்டரி, பம்ப், லேத் பட்டறை வைத்திருக்கும் சிறிய, நடுத்தர முதலாளிகளின் சங்கம். அறுபதுகளின் நடுவில் தொடங்கியது. நான் 1986-ல் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றேன். வைர விழா மலர் போடுவது என்று செயற்குழுவில் முடிவானதும், "அம்மிணிக்குத்தான் எல்லாம் தெரியுமுங்க, அவங்களே எழுதட்டும்" என்று தலைவர் சொல்லிவிட்டார். இரண்டு பகுதி எழுத வேண்டும். ஒன்று எங்கள் சங்கத்தின் கதை. இன்னொன்று, நாங்கள் இணைந்திருக்கும் தேசிய முதலாளிகள் சம்மேளனத்தின் கதை. பதினான்கு மாதம் பிடித்தது. கொங்கு நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் தொழில் சங்கங்கள் பொன்விழாவும் வைர விழாவும் கொண்டாடுகின்றன. மலர் வேலை யார் தலையிலாவது விழத்தான் போகிறது. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கூட்ட நடவடிக்கைகளை எழுதி வைக்கும் மினிட்ஸ் நோட்டுகளை எடுத்து வைத்தேன். காலிகோ பைண்டிங் போட்ட பதினொரு நோட்டுகள். முதல் மூன்று வாரம் நான் செய்தது வீண் வேலை. ஒவ்வொரு கூட்டத்தின் தேதி, தலைவர் பெயர், தீர்மானம் என்று தாள் தாளாகக் குறித்துக்கொண்டே போனேன். முடித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. "விவாதித்து முடிவு செய்யப்பட்டது" என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாலு மணி நேரச் சண்டை நடந்திருக்கும், காபி மூன்று தடவை வந்திருக்கும், ஒருவர் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போயிருப்பார். என் காலத்துக் கூட்டங்களில் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் நானே டைப் செய்த மினிட்ஸில் அது எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு நாள், நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கையெழுத்துகள் கண்ணில் பட்டன. வந்தவர்கள் எல்லாரும் தீர்மானத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடுவது வழக்கம். சாதாரண மாதத்தில் எட்டு, ஒன்பது கையெழுத்து இருக்கும். திடீரென்று ஒரு மாதம் அறுபத்து நாலு. அடுத்த மாதமே திரும்பவும் பத்து. எழுத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் மாதவாரியாக எழுதத் தொடங்கினேன். இரண்டு நாளில் அறுபது வருஷமும் ஒரு மலைத்தொடர் மாதிரி கண்முன்னால் நின்றது. எங்கே உயர்கிறதோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அந்தத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற காகிதங்களைத் தேடினால் போதும். மலர் எழுதப் போகிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். தீர்மானத்தில் மறைத்து எழுத முடியும். வராதவர் கையெழுத்தைப் போட முடியாது.

அந்த உச்சங்கள் எவை என்று பார்த்தேன். தீபாவளிக்கு முந்தைய போனஸ் பேச்சு. குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு. ஏதாவது ஒரு பெரிய பட்டறையில் வேலைநிறுத்தம். பி.எஃப். ஆய்வு வந்த வருஷம். மின்வெட்டு வந்த வருஷங்களைத் தவிர, மற்ற எல்லாக் கூட்டத்தையும் கூட்டியவர் ஒருவகையில் தொழிலாளிதான். அவர் கேட்டார், அதனால் முதலாளிகள் கூடினார்கள். அவர் கேட்காத மாதங்களில் ஒன்பது பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். இது எனக்குப் பிடிபட்ட பிறகுதான் தேசிய சம்மேளனத்தின் கதையும் பிடிபட்டது. அங்கேயும் இதேதான் நடந்திருக்கிறது.

தேசியப் பகுதியில் எனக்கு முதல் தலைவலி ஒரு சொல்லால் வந்தது. எங்கள் மினிட்ஸில் "மத்திய சங்கத்தின் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது", "மத்திய சங்கத்துக்கு எழுதுவது" என்று அடிக்கடி வரும். எந்த மத்திய சங்கம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் வெள்ளி விழா மலரைப் பார்த்தேன். தேசிய சம்மேளனம் 1956-ல் தொடங்கியது என்று இருந்தது. வேறொரு சங்கத்தின் மலரில் 1932 என்றிருந்தது. இன்னொன்றில் 1933. மூன்றும் அச்சில் ஏறியவை, மூன்றையும் எழுதியவர்கள் பொறுப்பானவர்கள்.

கடைசியில் தெரிந்தது இதுதான். மூன்று வருஷமும் சரி. மூன்றும் மூன்று அமைப்புகள். 1932-ல் தொடங்கியது அகில இந்திய முதலாளிகள் அமைப்பு, டெல்லியில். 1927-ல் ஜி.டி. பிர்லாவும் புருஷோத்தம்தாஸ் தாகுர்தாஸும் முன்னின்று உண்டாக்கிய, வணிக, தொழில் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிக்கியின் பக்கத்தைச் சேர்ந்தது அது. அதாவது இந்திய முதலாளிகளின் பக்கம். 1933-ல் தொடங்கியது இந்திய முதலாளிகள் சம்மேளனம், பம்பாயில். ஹோமி மோடி அதன் முதல் தலைவர். பம்பாய் ஆலை முதலாளிகளும் பிரிட்டிஷ் கம்பெனிகளும் அந்தப் பக்கம் இருந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்து ஒரே குரலில் பேசுவதற்காக 1956-ல் இந்திய முதலாளிகள் கவுன்சிலை அமைத்தன. பின்னாளில் பொதுத்துறை நிறுவனங்களின் அமைப்பும் அதில் சேர்ந்துகொண்டது. எங்கள் வெள்ளி விழா மலரை எழுதியவர் கவுன்சிலைச் சம்மேளனம் என்று நினைத்துவிட்டார்.

சரி, எங்கள் மினிட்ஸ் சொல்லும் மத்திய சங்கம் இவற்றில் எது? இதற்கு விடை கொடுத்தது சந்தா ரசீதுகள். கணக்குப் பிள்ளை ஒவ்வொரு வருஷ ரசீதையும் வவுச்சரோடு கோத்து வைத்திருந்தார். ரசீதின் தலைப்பில் அமைப்பின் பெயரும் ஊரும் இருந்தன. அறுபதுகளில் 'மத்திய சங்கம்' என்று எழுதியது சில இடங்களில் சென்னையிலிருந்த தென்னிந்திய முதலாளிகள் சம்மேளனத்தை, சில இடங்களில் பம்பாயை. ஒரே சொல், இரண்டு ஊர். மலரில் அச்சான வாசகத்தையும் பேச்சில் சொன்னதையும் நம்புவதற்கு முன்னால் கணக்கு வவுச்சரைப் பாருங்கள். பணம் எங்கே போனதோ அங்கேதான் உறவு இருந்திருக்கிறது.

ஆனால் பெயரும் வருஷமும் சரியானதோடு வரலாறு வந்துவிடாது. ஏன் 1932, 33? முதலாளிகள் அதற்கு முன்னால் சங்கம் வைக்கத் தெரியாதவர்கள் இல்லை. பம்பாய் ஆலை முதலாளிகளின் சங்கம் 1875-லேயே இருக்கிறது. வங்காளத்துச் சணல் ஆலைக்காரர்களுக்கு 1884. அகமதாபாத்துக்கு 1891. நம் பக்கத்து நீலகிரி, ஆனைமலைத் தோட்ட முதலாளிகளையும் உள்ளடக்கிய உபாசி 1893-ல் வந்துவிட்டது. அவை எல்லாம் ஒரு தொழில் அல்லது ஒரு ஊர் என்ற அளவில் நின்றவை. நாடு முழுவதற்கும் ஒரே சங்கம் என்பதற்குத் தேவை வரவில்லை.

தேவையை உண்டாக்கியது ஒரு நாற்காலி. முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவானது. இந்தியா அதில் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர். அதன் வருடாந்திர மாநாட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நான்கு பேர் போக வேண்டும். அரசாங்கத்துக்கு இரண்டு, முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளர்களுக்கு ஒன்று. அந்த ஒருவரை அரசாங்கம் தன் விருப்பப்படி அனுப்பக் கூடாது. நாட்டிலேயே அதிகம் பேருக்காகப் பேசத் தகுந்த அமைப்பைக் கலந்தாலோசித்து அனுப்ப வேண்டும். 1919-ல் வாஷிங்டனில் நடந்த முதல் மாநாட்டுக்குத் தொழிலாளர் தரப்பில் என்.எம். ஜோஷியை அரசாங்கமே நியமித்தது. அடுத்த வருஷம், 1920 அக்டோபர் 31-ல், பம்பாயில் தொழிற்சங்கங்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான ஏ.ஐ.டி.யு.சி. பிறந்துவிட்டது. லாலா லஜபதி ராய் தலைவர். எங்கள் ஆள் யார் என்று நாங்கள்தான் சொல்வோம் என்பதே அதன் பிறப்புக்கு ஒரு முக்கியக் காரணம்.

சென்னையில் 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாறி மாறி வந்தன. 1920-ல் தென்னிந்திய முதலாளிகள் சம்மேளனம் வருகிறது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1929-ல் தொழிலாளர் நிலையை ஆராய ராயல் கமிஷன் அமைந்து, 1931-ல் அறிக்கை கொடுத்தது. வேலை நேரம், கூலி, இழப்பீடு என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வரப்போகின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் டெல்லி அமைப்பு, அதற்கும் அடுத்த வருஷம் பம்பாய் சம்மேளனம்.

தொழிலாளர்கள் நாடளாவிய அமைப்பைக் கண்டது 1920. முதலாளிகள் கண்டது 1932. பன்னிரண்டு வருஷ இடைவெளி. இதை மலரில் எப்படி எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். கலெக்டரையும் கவர்னரையும் நேரில் பார்த்துப் பேசக் கூடியவர்களுக்கு அதுவரை சங்கம் தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். எதிரில் ஒரு அமைப்பு எழுந்து நின்ற பிறகுதான் இவர்களுக்கும் தேவைப்பட்டது. எங்கள் மினிட்ஸ் நோட்டில் கையெழுத்துகள் ஏறி இறங்கியது போலவே.

இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமை இருக்கிறது. அதை மலரில் ஒரு முழுப் பக்கம் போட்டோம். கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார், 1930-ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஜெனீவா மாநாட்டுக்கு இந்திய முதலாளிகளின் பிரதிநிதியாகப் போனவர். அந்த ஒற்றை நாற்காலியில் நம் ஊர்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று எல்லாருக்கும் அவரைத் தெரியும், தமிழிசைக்குச் செய்ததும் தெரியும். ஜெனீவாவுக்குப் போனதைச் சொன்னால் எங்கள் செயற்குழுவிலேயே பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கோவையின் கதையும் அதே 1933-ல் வந்து சேர்கிறது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து இங்கே பஞ்சாலைகள் இருந்தாலும், பைகாரா நீர்மின்சாரம் முப்பதுகளின் தொடக்கத்தில் வந்த பிறகுதான் அவை மளமளவென்று பெருகின. தென்னிந்திய ஆலைகள் சங்கமான சைமா 1933-ல் கோவையில் தொடங்கியது. பம்பாய் சம்மேளனத்துக்கும் அதே வயதுதான். ஆலை பெருகினால் ஆலைத் தொழிலாளியும் பெருகுவார். முப்பதுகளின் கடைசியில் என்.ஜி. ராமசாமி போன்றவர்கள் இங்கே தொழிற்சங்கத்தை வேர்விடச் செய்தார்கள். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர்கள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இன்றைக்கும் அந்த நாளில் சின்னியம்பாளையத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். முதலாளிகள் சங்கத்து மலரில் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கோவையில் முதலாளி, தொழிலாளி உறவைப் பற்றி எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போனால், படிக்கிற ஊர்க்காரர் மற்ற எதையும் நம்ப மாட்டார். போட்டோம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பகுதி சுலபமாக இருந்தது, காகிதம் நிறையக் கிடைத்தது. 1942-லேயே அரசாங்கம், முதலாளி, தொழிலாளி மூவரும் உட்காரும் முத்தரப்பு மாநாட்டு முறை வந்துவிட்டது. 1947-ல் தொழில் தகராறுச் சட்டம், 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும், 1952-ல் பி.எஃப்., 1965-ல் போனஸ் சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் தேசிய சம்மேளனங்கள் மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து வாதாடியிருக்கின்றன. 1957-ல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எதை வைத்துக் கணக்கிடுவது என்பதற்கு அளவுகோல் வகுத்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (ஒரு அலகு என்பது வளர்ந்த ஒருவரின் தேவை), ஆளுக்கு வருஷம் 18 கெஜம் துணி என்ற அளவுக்கு நுணுக்கமாக. முதலாளிகள் தரப்பும் இருந்து ஒப்புக்கொண்ட தீர்மானம் அது. அப்புறம் நடைமுறையில் அதை எவ்வளவு தூரம் செயல்படுத்தினார்கள் என்பது வேறு கதை.

சம்மேளனம் என்ன செய்தது என்று வெளியில் இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள். நான் பார்த்த அளவில் சொல்கிறேன். பம்பாயிலிருந்து ஆங்கிலத்தில் சுற்றறிக்கை வரும். செயலாளர் வாசித்து, முக்கியமானதைத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஸ்டென்சிலில் அடிப்பேன். அடித்து ரோனியோ ஓட்டி நூற்றிருபது பட்டறைக்கு அனுப்புவோம். இருபது ஆள் வேலை செய்தால் பி.எஃப். கட்ட வேண்டும், போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20, வேலை இல்லையென்று தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் லே-ஆஃப் கொடுத்தால் பாதிச் சம்பளம். லேத்தில் நின்று வேலை பார்த்து, கடன் வாங்கிச் சொந்தப் பட்டறை போட்டவர்கள்தான் எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர். சட்டம் தெரியாமல் அபராதத்தில் மாட்டிக்கொண்டு பட்டறையை மூட வேண்டியவர்களை அந்த ஒரு பக்கத் தாள் காப்பாற்றியிருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐப்பசி பிறந்தால் போன் ஓயாது. "மத்த பட்டறையில எவ்வளவு போடறாங்கன்னு சொல்லுங்க அம்மிணி." தன்னால் கொடுக்க முடிந்தவரும் சங்கம் சொன்னதற்கு மேல் கொடுக்கத் தயங்கினார். ஒரே மாதிரி கொடுப்பது என்பது சில நேரம் ஒரே மாதிரி குறைத்துக் கொடுப்பதாகவும் இருந்தது. வரலாறு எழுதும்போது இந்த இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இனி அந்தச் சாக்குகளுக்கு வருகிறேன்.

என் மலைத்தொடர்த் தாளில் எல்லாவற்றிலும் உயரமான சிகரம் எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்தது. எழுபத்தொரு கையெழுத்து. நான் சேர்வதற்குச் சில வருஷம் முந்தி. தீர்மானத்தில் "நிலைமை விவாதிக்கப்பட்டது" என்ற ஒரே வரி. அடுத்த இரண்டு தாள்கள் பிளேடால் சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தன. அதற்கடுத்த பக்கத்தில் "ஒப்பந்தம் ஏற்கப்பட்டது." இரண்டு மாதம் கழித்து இன்னொரு கூட்டத்தில் மறுபடியும் "ஒப்பந்தம் ஏற்கப்பட்டது." ஒரே ஒப்பந்தத்தை இரண்டு தடவை ஏற்பார்களா? அந்த வருஷங்களின் சுற்றறிக்கைக் கோப்பைத் தேடினேன். இல்லை. அது அந்த மூன்று சாக்கில் போயிருந்தது.

அப்போது செயலாளராக இருந்தவர் காலமாகிவிட்டார். மூத்த உறுப்பினர் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் ஒரு மாதம் வேலைநிறுத்தம் என்றார், இன்னொருவர் மூன்று மாதம் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. வயதானவர்களிடம் வருஷம், மாதம் என்று கேட்டால் இப்படித்தான் ஆகும். நோம்பியை, அதாவது திருவிழாவை வைத்துக் கேளுங்கள். "கோனியம்மன் தேருக்கு வேலைக்குப் போனாங்களா?" என்று கேட்டதும் ஒருவர் உடனே சொன்னார்: "இல்லைங்க, தேர் பாக்கப் பூராப் பேரும் ரோட்டுலதான் நின்னாங்க. ஆடிப் பதினெட்டுக்குப் பட்டறை ஓடுச்சு." தேர் மாசியில் வரும். தொடக்கம் மாசிக்கு முன்னால், முடிவு ஆடிக்கு முன்னால். கயிற்றின் இரண்டு முனையும் கிடைத்துவிட்டது.

நடுவில் நடந்ததை யார் சொல்வார்கள் என்று யோசித்தபோது, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நினைவுக்கு வந்தார். மோல்டராக இருந்து தொழிற்சங்கச் செயலாளரானவர். என் காலத்தில் தொழிலாளர் அலுவலர் முன்னால் எத்தனையோ பேச்சுவார்த்தையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நான் இந்தப் பக்கம் ஓரத்தில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பேன். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். சிங்காநல்லூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துப் போனேன். கொஞ்சம் தயக்கம்தான். முதலாளிகள் சங்கத்து மலருக்கு அவர் ஏன் உதவ வேண்டும்?

"வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சாக்கில் கட்டிப் போட்டதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், பேரனைக் கூப்பிட்டுப் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

பெட்டியில் எங்கள் சங்கத்தின் சுற்றறிக்கைகள் இருந்தன. நான் தொலைத்த வருஷங்களின் சுற்றறிக்கைகள், வரிசையாக, நூலில் கோத்து. ஒவ்வொன்றின் பின்பக்கமும் காய்ந்த மைதாப் பசையும் வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கும் ஒட்டியிருந்தன. பட்டறைச் சுவரில் ஒட்டியதை இரவு ஷிப்டில் ஈரத்துணி வைத்து ஊறவைத்து உரித்திருக்கிறார்கள். ஓரத்தில் பென்சிலில் எந்தப் பட்டறை, என்ன தேதி என்று குறிப்பு. கீழே மஞ்சள், ரோஸ் நிறத்தில் அவர்களுடைய நோட்டீஸ்கள். அதற்கும் கீழே ஒப்பந்தங்களின் கார்பன் நகல்.

"நீங்க என்ன எழுதறீங்கன்னு தெரிஞ்சாத்தானுங்களே நாங்க பதில் எழுத முடியும்" என்றார்.

அன்று மாலை வரை அங்கேயே உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தேன். இரண்டு தரப்புத் தாளையும் தேதி வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், நேரில் நின்று பேசிக்கொள்வது போலவே இருந்தது. தகராறு பஞ்சப்படியைப் பற்றியது. விலைவாசிக் குறியீட்டு எண் ஏறும்போது படியும் ஏற வேண்டும் என்பது கோரிக்கை. உறுப்பினர் எவரும் தனியாக ஒப்பந்தம் போடக் கூடாது என்று எங்கள் முதல் சுற்றறிக்கை கடுமையாகச் சொல்கிறது. மூன்றாவது வாரத்துச் சுற்றறிக்கை, வேலை செய்த நாட்களுக்கான சம்பளத்தை யாரும் பிடித்து வைக்க வேண்டாம், சனிக்கிழமை பட்டுவாடா செய்துவிடுங்கள் என்கிறது. இதை எழுதிய பழைய செயலாளரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அந்தத் தாளைக் காப்பாற்றி வைத்திருந்தது யார் என்று பாருங்கள்.

இரண்டு ஒப்பந்தப் புதிருக்கும் கார்பன் நகல் விடை சொன்னது. முதல் ஒப்பந்தத்தின் தலைப்பில் 18(1) என்று இருந்தது. இரண்டாவதில் 12(3). அன்றைக்கு இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின்படி, 18(1) இரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது. கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. 12(3) சமரச அலுவலர் முன்னால் போடுவது. கையெழுத்துப் போடாத சங்கத்தில் இருப்பவர் உட்பட அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தியது. முதல் ஒப்பந்தத்தில் ஒரு சங்கம்தான் கையெழுத்துப் போட்டிருந்தது. மற்றது ஏற்காமல் பாதிப் பேர் வெளியிலேயே நின்றார்கள். அதனால் இரண்டு மாதம் கழித்து எல்லாரையும் உட்கார வைத்து இன்னொன்று. பழைய ஒப்பந்தத்தைப் பார்த்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் பிரிவு எண்ணைப் பாருங்கள். பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

1984-ல் திருப்பூர் பனியன் தொழிலில் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதைப் பற்றி ஊரெல்லாம் தெரியும். எங்களுடையது சின்னது, அதனால் மறந்துபோனது. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

செயற்குழுவில் இந்த அத்தியாயத்தை வைத்தபோது ஒருவர், "எதுக்குங்க அந்தப் பழசு? மலர்ங்கறது சந்தோஷ சமாச்சாரம்" என்றார். நான் கையெழுத்து எண்ணிய தாளைக் காட்டினேன். இந்தச் சிகரத்தை எடுத்துவிட்டால் சங்கத்தில் எழுபத்தொரு பேர் ஒன்றாக உட்கார்ந்த ஒரே நாளை எடுத்துவிடுவோம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் தன் அப்பாவின் கையெழுத்து இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருந்தது. அதோடு எதிர்ப்பு முடிந்தது. இடது பக்கம் எங்கள் சுற்றறிக்கை, வலது பக்கம் அவர்களுடைய ரோஸ் நோட்டீஸ் என்று எதிரெதிராக அச்சிட்டோம்.

சில சின்ன விஷயங்கள். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். படம் எடுத்து, கோப்பின் பெயரில் வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் முதலில் போட்டால் தானாக அடுக்கிக்கொள்ளும். பின்பக்கத்தையும் படம் எடுங்கள். எங்களுக்கு முக்கியமான குறிப்புகள் எல்லாம் பின்னால்தான் கிடைத்தன. குண்டூசியை எடுத்துவிட்டு நூலில் கோத்து வையுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். எதையும் எடைக்குப் போடுவதாக இருந்தால், உங்களோடு சண்டை போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும் பேச்சு வந்தது. சட்டத் தமிழில் 'வேலையளிப்போர்' என்கிறார்கள், மலரிலும் அப்படியே போடலாமே என்றார் இளைய உறுப்பினர் ஒருவர். எங்கள் பட்டறைகளில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. முதலாளி என்பார்கள், அல்லது அண்ணா என்பார்கள். அண்ணா என்று கூப்பிட்டவரிடமே கூலி கேட்டு நிற்பதும், அண்ணா என்று கூப்பிடுகிறவரையே வெளியில் நிறுத்துவதும் எவ்வளவு கஷ்டம் என்பது இந்த ஊர்ப் பட்டறைகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். 'முதலாளி' என்றே போட்டோம்.

மலர் வெளியானதும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு சிங்காநல்லூருக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக அந்த அத்தியாயத்துக்குத் திருப்பினார். வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"கையெழுத்து சனிக்கிழமைன்னு போட்டிருக்கீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரிங்க அம்மிணி. பேசி முடிக்கப் பதினொன்னு ஆயிருச்சு. ஆபீசர் காலைல வந்து தேதி போட்டாரு. அதான் காகிதத்துல சனிக்கிழமை."

"நிச்சயமுங்களாண்ணா?"

"சனிக்கிழமை எல்லாருக்கும் அட்வான்ஸ் குடுத்தாங்க. முதநாளே கையெழுத்து ஆகாம எப்படிக் குடுப்பாங்க?"

பையிலிருந்து பென்சிலை எடுத்து, இரண்டு பிரதியிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் 'வெள்ளி இரவு' என்று எழுதினேன். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைச் சங்கத்துப் பீரோவில் வைக்க எடுத்து வந்தேன்.